தமிழ் எழுத்து உடையாமல் ஒரு திருவிழா அழைப்புப் படம்: பிக்ஸல்லேப் செய்முறை

வேலை இதுதான்: அம்மன் கோயில் பூச்சொரிதலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப ஓர் அழைப்புப் படம். அகலம் 1080 பிக்சல், உயரம் 1350. பின்னணியில் கோபுரம், மேலே தலைப்பு, நடுவில் நாளும் நேரமும் நிகழ்ச்சியும், அடியில் தொடர்பு எண். செயலி, ஆண்ட்ராய்டில் பலரும் வைத்திருக்கும் பிக்ஸல்லேப். படத்தை வெட்டி, மங்கலாக்கி, நிறம் ஏற்றுவதெல்லாம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். நேரத்தைத் தின்பது எழுத்துரு. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிய அழைப்பிதழ் ஒருமுறை ஊர்க் குழுவுக்குப் போய்விட்டால் அதைத் திரும்பப் பெற வழியில்லை. அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி எழுத்துருவைப் பற்றியே.

சோதனை வரி

எழுத்துருவைத் தேடுவதற்கு முன் ஒரு சோதனை வரியைத் தட்டி வைத்துக்கொள்ளுங்கள். இந்த அழைப்புக்கு எடுத்துக்கொண்டது:

ஸ்ரீ கௌமாரி, பூச்சொரிதல், கொடியேற்றம், தூபம், ஞானம், க்ஷேமம், இணை, ₹2,501, காலை 9.30

ஒவ்வொரு சொல்லும் ஒரு காரணத்துக்காக இதில் இருக்கிறது. ‘கொ’வில் கொம்பு இடப்பக்கமும் கால் வலப்பக்கமும் நிற்க வேண்டும். ‘தூ’, ‘பூ’ இரண்டும் அடிவரிக்குக் கீழே எவ்வளவு இறங்குகின்றன, வெட்டுப்படுகின்றனவா என்று காட்டும். தடித்த எழுத்தில் ‘ஞா’வின் உள்வெளி அடைந்துபோகிறதா என்று பார்க்கலாம். ‘இணை’யைப் போட்டால் அந்த எழுத்துரு 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய, யானைத் துதிக்கை போல வளையும் ணை வடிவத்தைத் தருகிறதா, இன்றைய கொம்பைத் தருகிறதா என்பது தெரிந்துவிடும். ரூபாய்க் குறி 2010இல்தான் யூனிகோடுக்குள், அதாவது எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான எண் வரிசைக்குள், வந்தது. அதற்கு முன் செய்த எழுத்துருக்களில் அது இருக்காது. அந்த இடத்தில் ஒரு கட்டம் வரும், அல்லது போனின் சொந்த எழுத்துருவிலிருந்து பொருந்தாத குறி ஒன்று வந்து உட்காரும்.

‘ஸ்ரீ’யைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்று தட்டுவது ஒரு வழி. ஸவுக்குப் பதிலாக ஶ என்ற எழுத்தை வைத்துத் தட்டுவது இன்னொரு வழி. அந்த ஶ யூனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது. இரண்டும் திரையில் ஒன்றுபோலத் தெரியலாம், உள்ளே இருக்கும் குறிகள் வேறு. வேறு இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய ‘ஸ்ரீ’ ஒரு பழைய எழுத்துருவில் உடைந்து கட்டமும் ‘ரீ’யுமாக வந்தால், எழுத்துருவைக் குறை சொல்வதற்கு முன் அதை அழித்துவிட்டு ஸவை வைத்து மறுபடி தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

‘கௌ’வும் அப்படித்தான். கெ தட்டி அடுத்து ள தட்டினாலும் கௌ போலவே தெரியும். ஆனால் ஔகாரக் குறியைச் சற்றுச் சிறிதாக வரைந்திருக்கும் எழுத்துருவுக்கு மாற்றினால் ‘கெள’ என்று முழு ளகரம் பருத்து நிற்கும். சாமி பெயரில் இந்தப் பிழை வரவே கூடாது.

யூனிகோடா, பழைய முறையா

‘ஸ்டைலிஷ் தமிழ் ஃபான்ட்’ என்று தொகுப்பாகக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை யூனிகோட் எழுத்துருக்கள் அல்ல. ஆங்கில எழுத்துகள் இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்த பழைய முறை எழுத்துருக்கள். இலங்கையிலும் புலம்பெயர்ந்தவர்களிடையேயும் பரவிய பாமினி, இங்கே அச்சகங்களில் பழகிய வானவில், ஸ்ரீலிபி எல்லாம் இந்த வகை. இவற்றில் ஒவ்வொன்றும் எழுத்துகளை அடுக்கும் வரிசை வேறு. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு அடுக்குமுறைகளைத் தரப்படுத்தியது. 2010இல் யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ் அடுக்குமுறையையும் ஏற்றது. ஆனாலும் அச்சகக் கணினிகளில் பழைய முறைகள் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அழகான தலைப்பு எழுத்துகள் பல அங்கேயே சிக்கிக் கிடக்கின்றன.

கையில் இருக்கும் கோப்பு எந்த வகை என்பதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். சோதனை வரியைத் தேர்ந்தெடுத்து அந்த எழுத்துருவை மாட்டுங்கள். எழுத்தின் வடிவம் கொஞ்சமும் மாறவில்லை என்றால் அந்தக் கோப்பில் யூனிகோட் தமிழ் இல்லை. போனே தன் எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்கிறது. ‘இந்த ஃபான்ட் வேலை செய்யல’ என்று பலர் சொல்வது இந்த நிலையைத்தான். அடுத்து, அதே எழுத்துருவில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஒரு அரைப்புள்ளி என ஐந்து விசைகளைத் தட்டுங்கள். ‘தமிழ்’ என்று வந்தால் அது பாமினி. தமிழ் எழுத்துகளே வந்து, சொல் மட்டும் குழம்பியிருந்தால் வேறு ஏதோ பழைய முறை.

பாமினி என்று தெரிந்துவிட்டால், யூனிகோடில் எழுதிய வாசகத்தை இணையத்தில் இருக்கும் மாற்றி ஒன்றில் கொடுத்து பாமினியாக மாற்றி, செயலியில் ஒட்ட வேண்டும். அந்த நேரத்தில் திரையில் ஆங்கிலக் குப்பை போலத்தான் தெரியும், எழுத்துருவை மாட்டியதும் தமிழாகும். யூனிகோடில் ‘கொ’ என்பது முதலில் க, அதற்குப் பிறகு ஓர் ஒகரக் குறி. கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது எழுத்தைக் கோக்கும் நிரலின் வேலை. ஆண்ட்ராய்டில் ஹார்ஃப்பஸ் என்ற நிரல் நூலகம் அதைச் செய்கிறது. பாமினியில் அந்த வேலையே கிடையாது. கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே மூன்று விசைகள். தமிழைக் கோக்கத் தெரியாத பழைய செயலிகளிலும் பாமினி உடையாமல் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

பாமினியில் மூன்று பொறிகள் இருக்கின்றன. முதலாவது, விசைப்பலகை தானாகவே முதல் எழுத்தைப் பேரெழுத்தாக்குவது. பாமினியில் சிறிய ஜே ‘த’, பெரிய ஜே ‘து’. ‘தமிழ்’ என்று தட்டினால் ‘துமிழ்’ என்று வந்து நிற்கும். ‘மங்கலம்’ ‘முங்கலம்’ ஆகும். விசைப்பலகை அமைப்பில் தானியங்கிப் பேரெழுத்தையும் திருத்தத்தையும் நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குங்கள். இரண்டாவது, காற்புள்ளி இருக்கும் இடத்தில் ‘இ’ உட்கார்ந்திருக்கிறது. 2,501 என்று நேரடியாகத் தட்டினால் 2இ501 என்று வரும். ஆகவே தொகை, தொலைபேசி எண், நேரம் ஆகியவற்றைப் பாமினி லேயரில் வைக்காமல் தனி லேயரில் யூனிகோட் எழுத்துருவில் வையுங்கள். மூன்றாவது, படித்துத் திருத்துவது. மாற்றிய வாசகத்தில் ஒரே ஓர் எழுத்தைத் திருத்த வேண்டியிருந்தாலும் மூல யூனிகோட் வாசகத்தில் திருத்தி மறுபடி மாற்றுவதே பாதுகாப்பு. மூலத்தைக் குறிப்புச் செயலியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய முறை எழுத்துருவைத் தலைப்புக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. நிகழ்ச்சி நிரலையும் அதிலேயே செய்தால் பிழை திருத்தி மாளாது. தொகுப்பாகச் சுற்றும் கோப்புகளில் பல, நிறுவனங்கள் விலைக்கு விற்கும் எழுத்துருக்களின் நகல்கள் என்பதையும் மனத்தில் வையுங்கள். காசு வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்கு அவற்றைத் தொடாமல் இருப்பதே முறை.

எவற்றை எடுத்தோம்

கூகுள் ஃபான்ட்ஸில் தமிழுக்கு நல்ல எழுத்துருக்கள் இலவசமாகவே இருக்கின்றன. திறந்த உரிமத்தில் வருபவை, வணிக வேலைக்கும் தடையில்லை. இந்த அழைப்புக்குப் போட்டிபோட்டவை இவை. தலைப்புக்கு பலூ தம்பி 2. உருண்டையான, கொழுத்த எழுத்து. அதன் எக்ஸ்ட்ராபோல்டு எடை, அதாவது மிகத் தடித்த வடிவம், தூரத்திலிருந்தும் தெரியும். ஆனால் அது சிரித்த முகம். குழந்தையின் பிறந்தநாளுக்கும் இனிப்புக் கடைக்கும் அழகாக இருக்கும், கோயில் பெயருக்கு ஒட்டவில்லை. நோட்டோ செரிஃப் தமிழின் பிளாக் எடையில் அச்சுப் புத்தகத் தலைப்பின் கம்பீரம் வருகிறது. தலைப்புக்கு அதுவே நின்றது. அடுத்த வரியில் வரும் ‘பூச்சொரிதல் பெருவிழா’வுக்கு அனெக் தமிழ். இதில் எடை மட்டுமல்லாமல் அகலமும் பல அளவுகளில் உண்டு. ‘பூச்சொரிதல் பெருவிழா அழைப்பிதழ்’ போன்ற நீண்ட வரியை உயரம் குறையாமல் ஒரே வரியில் அடக்க அதன் கண்டென்ஸ்டு வடிவம் கைகொடுக்கும். செயலியில் இழுத்து ஒடுக்கினால் நெடுங்கோடு மெலிந்து குறுக்குக்கோடு தடித்துக் கோணலாகிவிடும். ஒடுக்கமாகவே வரைந்த எழுத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

நிகழ்ச்சி நிரலுக்கு முக்த மலர், ஹிந்த் மதுரை இரண்டில் எதுவும் சரி. இங்கே முக்த மலர் மீடியம். கையெழுத்துச் சாயல் வேண்டுமென்றால் இலங்கை எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் செய்த கவிவனார் இருக்கிறது. வாழ்த்து வரிக்கு நன்றாகப் போகும். ஆனால் ஒரே எடைதான், மெல்லியது. கோபுரப் படத்தின் மேல் வைத்தால் கரைந்துவிடும்.

ஒரு படத்துக்கு இரண்டு எழுத்துரு, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் போனால் சந்தைக் கடைப் பலகை போல ஆகிவிடும். வேறுபாடு வேண்டுமானால் எடையிலும் அளவிலும் காட்டலாம்.

கோப்பைச் செயலிக்குள் கொண்டுவருதல்

கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து இறக்கினால் ஒரு ஜிப் கோப்பு வரும். விரித்தால் மேலேயே ‘வேரியபிள்’ என்ற சொல்லைப் பெயரில் கொண்ட ஒரு டிடிஎஃப் கோப்பு இருக்கும், கூடவே ‘ஸ்டாட்டிக்’ என்று ஒரு ஃபோல்டரும் இருக்கும். பலர் மேலே இருக்கும் கோப்பையே எடுத்துவிடுகிறார்கள். அது எல்லா எடைகளையும் ஒன்றாக அடக்கிய கோப்பு. எடையை மாற்றும் வசதி இல்லாத செயலியில் அதன் இயல்பு எடை மட்டுமே தெரியும். ‘போல்டு இறக்கினேன், மெல்லிசா வருது’ என்பதன் காரணம் இதுவே. ஸ்டாட்டிக் ஃபோல்டரைத் திறந்து வேண்டிய எடையின் கோப்பைத் தனியாக எடுங்கள். நோட்டோ செரிஃப் தமிழ் பிளாக், அனெக் தமிழ் கண்டென்ஸ்டு போல்டு, முக்த மலர் மீடியம், முக்த மலர் போல்டு: நான்கே கோப்புகள் போதும். முக்த மலர் போன்றவை வேரியபிளாக இல்லாமல் எடைக்கு ஒரு கோப்பாகவே வரும்.

போனின் உள்நினைவகத்தில் தனி ஃபோல்டர் ஒன்று செய்து அவற்றை அதில் போடுங்கள். ஆண்ட்ராய்டு 11 முதல், ஃபோல்டரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பெட்டியில் உள்நினைவகத்தின் மேல்மட்டத்தையோ டவுன்லோடு ஃபோல்டரையோ அப்படியே காட்டினால் அனுமதி கிடைக்காது. அதற்குள் இருக்கும் துணை ஃபோல்டரைக் காட்டினால் கிடைக்கும். பிறகு பிக்ஸல்லேபில் எழுத்தைத் தட்டித் தேர்ந்தெடுத்து, ஃபான்ட், மை ஃபான்ட்ஸ் என்று போய், ஃபோல்டர் படத்தைத் தொட்டு அந்த இடத்தைக் காட்டினால் பட்டியலில் எல்லாம் வந்துவிடும். டிடிஎஃப், ஓடிஎஃப் இரண்டும் ஏற்கும். இணையதளங்களுக்கான வோஃப் கோப்புகளை எடுத்துவராதீர்கள். நூற்றுக்கணக்கில் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் பட்டியலில் தேடியே களைத்துப்போவீர்கள். தலைப்பு, உரை, பாமினி என்று மூன்று ஃபோல்டராகப் பிரித்து வைப்பது நல்லது.

அளவு

1080 பிக்சல் அகலப் படம் சாதாரண போன் திரையில் ஏறக்குறைய 67 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தெரியும். அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 16 பிக்சல். ‘ப’ போன்ற எழுத்தின் உடல் 24 பிக்சல் உயரம் இருந்தால் கண்ணுக்கு ஒன்றரை மில்லிமீட்டர். கண்ணாடி போட்ட பெரியவர்கள் படிக்க இதற்குக் கீழே போகக் கூடாது. செயலியின் ஸ்லைடர் எண்ணை நம்பி முடிவுசெய்யாமல், ஒருமுறை படமாகச் சேமித்து, கேலரியில் பெரிதாக்காமல் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். இந்த அழைப்பில் நிகழ்ச்சி வரிகளின் உடல் உயரம் 30, தலைப்பு 110, தொலைபேசி எண் 40 பிக்சல். எண்தான் பலருக்கு வேண்டியது, அதைச் சிறிதாக்காதீர்கள்.

வரிகளுக்கிடையே ஆங்கிலத்துக்கு விடும் இடைவெளி தமிழுக்குப் போதாது. மேல்வரியின் ‘தூ’ கீழே இறங்கும், கீழ்வரியின் ‘றி’, ‘டீ’ மேலே ஏறும். இரண்டும் முட்டிக்கொள்ளும். எழுத்தளவின் 1.4 மடங்கில் தொடங்கிக் குறைத்தோ கூட்டியோ பாருங்கள். நீண்ட வரியைச் செயலி தானாக மடிக்க விடாமல் பொருள் பார்த்து நீங்களே மடியுங்கள். ‘காலை 9.30 மணிக்கு’ ஒரே வரியில் இருக்கட்டும்.

எழுத்துகளுக்கிடையே இடைவெளி கூட்டும் ஸ்லைடரைத் தமிழில் தொடாதீர்கள். ஆங்கிலத் தலைப்பை அகட்டினால் மிடுக்காக இருக்கும். தமிழில் கொம்பும் காலும் தத்தம் எழுத்தை விட்டு விலகி ‘கொ’ மூன்று துண்டாகத் தெரியக்கூடும். வளைவு எழுத்திலும் அதே ஆபத்து. வளைவை மெல்லக் கூட்டிக்கொண்டே ‘கொ’, ‘பை’ இரண்டையும் கவனியுங்கள். கொம்பு மட்டும் வேறு கோணத்தில் சாயத் தொடங்கும் இடத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள்.

போல்டு பொத்தானும் வேண்டாம். போல்டு கோப்பு இல்லாதபோது அது எழுத்தின் ஓரத்தைச் சுற்றிலும் பருக்கவைக்கிறது, அவ்வளவே. ஞ, ஜ, ண எழுத்துகளின் உள்வெளி அடைந்து கறையாகிவிடும். உண்மையான போல்டு எழுத்துருவில் வரைந்தவரே அந்த வெளிகளைத் திறந்து வைத்திருப்பார்.

ஓரக்கோடு

மஞ்சள் தலைப்புக்கு அரக்கு நிற ஓரக்கோடு. இதில்தான் மிகுதியாகக் கெடுகிறது. ஓரக்கோட்டைத் தடிமனாக்கினால் அதில் பாதி எழுத்தின் உள்பக்கம் ஏறி, எழுத்தே மெலிந்துபோகும். பாமினி எழுத்துருவென்றால் இன்னொரு கோளாறும் சேரும். அங்கே ‘தி’ என்பது த ஒரு துண்டு, இகரக் குறியான விலங்கு ஒரு துண்டு. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒட்டியிருக்கும். ஒவ்வொரு துண்டையும் சுற்றி ஓரக்கோடு விழுவதால் ஒட்டிய இடத்தில் குறுக்கே ஒரு கீறல் தெரியும். யூனிகோட் எழுத்துருக்கள் சிலவற்றிலும் இது உண்டு.

வழி: தலைப்பு லேயரை எழுத்துரு, அளவு, இடம் எல்லாம் முடிவான பிறகு ஒரு நகல் எடுங்கள். அடியில் இருக்கும் லேயருக்கு மட்டும் ஓரக்கோடு, வேண்டிய தடிமனைப் போல இரு மடங்கு. மேலே இருக்கும் நகலில் ஓரக்கோட்டை அணைத்துவிட்டு வெறும் மஞ்சள். இரண்டையும் படத்தின் நடுவுக்குச் சீராக்கினால் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். உள்பக்கம் ஏறிய கோட்டையும் ஒட்டுக் கீறலையும் மேல் லேயர் மூடிவிடும், வெளிப்பக்கக் கோடு மட்டும் தெரியும். நிழல் வேண்டுமென்றால் அடி லேயருக்கே கொடுங்கள். வாசகத்தில் பிறகு திருத்தம் வந்தால் இரண்டு லேயரிலும் திருத்த வேண்டும். ஆகவே பிழை பார்த்து முடித்தபின் இதைச் செய்யுங்கள்.

எழுத்தின் அடியோ தலையோ வெட்டுப்பட்டால், எழுத்துருக் கோப்பில் குறித்திருக்கும் உயர அளவு உண்மையான வடிவத்தைவிடக் குறைவு என்று பொருள். பழைய எழுத்துருக்களில் ‘தூ’வின் அடி இப்படித்தான் போகும். வாசகத்துக்கு மேலும் கீழும் ஒரு வெற்று வரியைச் சேர்த்தால் பெட்டி உயர்ந்து முழு எழுத்தும் வந்துவிடும். சாய்ந்த எழுத்தின் கடைசி ஓரம் வெட்டுப்பட்டால் வரி முடிவில் ஓர் இடைவெளி.

பின்னணியும் சேமிப்பும்

கோபுரப் படத்தில் சிற்பங்கள் நிறைந்திருப்பதால் எந்த எழுத்தும் அதன்மேல் தெளிவாக நிற்காது. எழுத்து வரும் பகுதியில் 50 விழுக்காடு ஒளி ஊடுருவும் கறுப்புப் பட்டை ஒன்றை எழுத்துக்கு அடியில் வைத்தால் போதும். மஞ்சளும் தந்த நிறமும் அதில் பளிச்சென்று தெரியும். நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து வேண்டாம். ஜேபெக் சுருக்கத்தில் நிறத் தகவலே முதலில் குறைக்கப்படுவதால் ஓரங்கள் கசிந்தாற்போல் தெரியும்.

சேமிக்கும்போது பிஎன்ஜி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கும், மெல்லிய எழுத்தின் ஓரம் பொரிந்துபோகும். விழாக் குழுவினருக்கு ஆவணமாக அனுப்புங்கள், பிக்சல் குறையாமல் போகும். அச்சகத்துக்கு இந்தப் படம் போதாது. ஏ4 தாளுக்கு 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். 10க்கு 6 அடி ஃப்ளெக்ஸுக்கு 72 டிபிஐயில் கணக்கிட்டாலே 8640க்கு 5184. போனில் செய்ததைப் பெரிதாக்கித் தருவதைவிட யூனிகோட் வாசகத்தையும் எழுத்துருக் கோப்புகளையும் மாதிரிக்கு இந்தப் படத்தையும் கொடுத்து அங்கேயே அமைக்கச் சொல்வது நல்லது.

ப்ராஜெக்டாகவும் ஒன்று சேமித்துவையுங்கள். வேறு போனில் அதைத் திறக்கப் போகிறீர்கள் என்றால் அந்த நான்கு எழுத்துருக் கோப்புகளும் அங்கே இருக்க வேண்டும், எழுத்துரு ஃபோல்டரையும் சேர்த்தே அனுப்புங்கள். அனுப்புமுன் கடைசியாக ஒரு வேலை: சேமித்த படத்தை வாசகத்தைத் தட்டாத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். கிழமையும் தேதியும் நாள்காட்டியோடு பொருந்துகிறதா, தொலைபேசி எண்ணில் பத்து இலக்கம் இருக்கிறதா என்று அவரே எண்ணிப் பார்க்கட்டும்.